வாசகர் கேள்வி - பதில்: சூட்சுமம் சுவரில் இருக்கிறது

கேள்வி: நாங்கள் புதிதாகக் குடிவந்த வீட்டின் கழிப்பறையில் கழுவுவதற்கு ஹெல்த் ஃபாசெட் என்னும் கைத்தெளிப்பான் மட்டுமே மாட்டியிருக்கிறார்கள். இதற்கு முன் நான் அதைத் தொட்டதுகூட இல்லை. முதல் முறை அழுத்தியதுமே தண்ணீர் பீய்ச்சியடித்து உடையும் சுவரும் நனைந்துவிட்டன. பட்ட இடத்தில் வலியும் எடுத்தது. யாரிடமும் கேட்கக் கூச்சமாக இருக்கிறது. இதை எப்படித்தான் பயன்படுத்துவது?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: கூச்சம் வேண்டாம், முதல் நாள் நனைந்தவர்களில் நானும் ஒருவன். விசையை மெல்ல அழுத்தினால் மெல்ல வரும் என்று நினைத்துத்தான் எல்லோரும் ஏமாறுகிறோம். பெரும்பாலான தெளிப்பான்களில் அந்த விசை திறக்கவும் மூடவும் மட்டுமே சரியாகப் பயன்படும். வேகத்தைத் தீர்மானிப்பது, தெளிப்பானின் குழாய் சுவரில் இணையும் இடத்திலுள்ள ஆங்கிள் வால்வு என்னும் சிறு திருகுதான். உட்காருவதற்கு முன் அதை முழுவதும் மூடிவிட்டு, தெளிப்பானின் முகத்தைக் கோப்பைக்குள் காட்டி விசையை அழுத்தியபடியே, மறு கையால் வால்வைச் சிறிது சிறிதாகத் திறவுங்கள். கால் சுற்றிலேயே முழுவதும் திறந்துகொள்ளும் வால்வுகளும் உண்டு என்பதால் நூலளவுதான் திருப்ப வேண்டும். உள்ளங்கையில் பிடித்துப் பார்த்தால் உறுத்தாத வேகம் வந்ததும் நிறுத்திக்கொள்ளுங்கள்.

பழைய வீட்டில் இதே கருவி இருந்திருந்தால் இவ்வளவு சீறியிருக்காமலும் போயிருக்கலாம். 10 மீட்டர் உயர நீர் ஏறத்தாழ 1 பார் அழுத்தத்தைத் தருகிறது. மாடியிலுள்ள தொட்டிக்கு 3 மீட்டர் கீழே இருக்கும் வீட்டுக்கு 0.3 பார் கிடைக்கிறதென்றால், இடையில் அழுத்தத்தைக் குறைக்கும் ஏற்பாடு எதுவும் இல்லாதவரை, 30 மீட்டர் கீழே இருக்கும் வீட்டுக்கு 3 பார் கிடைக்கும். மேலே தூறலாக விழும் நீர் கீழே சாட்டையாக அடிப்பதன் காரணம் இதுதான்.

அடுத்தது, அமரும் முறை. எழுந்து பாதி நின்ற நிலையில் கழுவ முயன்றால் சுவர் நனையத்தான் செய்யும். அமர்ந்தே கழுவினால் உடலும் இருக்கையும் தடுப்பாகி, நீர் கோப்பைக்குள்ளேயே விழும். நீங்கள் சற்றுப் பின்னால் தள்ளி அமர்ந்து, முன்புறம் கிடைக்கும் இடைவெளி வழியாகத் தெளிப்பானை உள்ளே கொண்டுபோய், அதன் முகத்தைப் பின்னோக்கிச் சாய்த்த பிறகே விசையை அழுத்துங்கள். ஆண்கள் முன்னால் நகர்ந்து அமர்ந்து பின்புறமிருந்தும் பிடிக்கலாம். பெண்கள் முன்னிருந்து பின்னாக நீர் செல்லும்படி பார்த்துக்கொள்வதே நல்லது. குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா சிறுநீர்த் துவாரத்தை எட்டுவதுதான் பெரும்பாலான சிறுநீர்ப் பாதைத் தொற்றுகளுக்குக் காரணம். பெண்களுக்கு ஆசனவாய்க்கும் சிறுநீர்த் துவாரத்துக்கும் இடையிலான தூரம் மிகக் குறைவு. பிறப்புறுப்பின் உட்புறத்தில் நீரைப் பீய்ச்சவே கூடாது. அங்கு நன்மை செய்யும் பாக்டீரியாக்களின் சமநிலை அதனால் கெடும்.

சில விநாடிகள் நீர் பட்டாலே போதும். பிறகு மென்மையான காகிதத்தாலோ, அதற்கென்றே வைத்திருக்கும் துணியாலோ ஒற்றி எடுங்கள், தேய்க்க வேண்டாம். ஈரத்தோடு உடையணிந்தால் தோலில் அரிப்பு வரலாம். கைகளைச் சோப்பிட்டு 20 விநாடியாவது கழுவ வேண்டும் என்பதை நீர் மட்டுமே பட்டது என்ற எண்ணத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: ஒவ்வொரு முறையும் ஆங்கிள் வால்வை மூட வேண்டும் என்கிறார் என் கணவர். தெளிப்பானிலேயே விசை இருக்கும்போது அது வீண் வேலை அல்லவா?
- ஒரு வாசகி

பதில்: இந்த வாதத்தில் உங்கள் கணவர் பக்கமே நான் நிற்கிறேன். வால்வு திறந்திருக்கும் வரை, நீங்கள் உறங்கும்போதும் வெளியூர் போயிருக்கும்போதும், வளையும் குழாயும் அதன் இரு முனைகளிலுள்ள ரப்பர் வாஷர்களும் முழு அழுத்தத்தையும் தாங்கிக்கொண்டே இருக்கின்றன. ஒரு நாள் அவற்றில் ஏதேனும் ஒன்று விட்டுக்கொடுத்தால், ஆளில்லாத வீட்டில் மணிக்கணக்கில் நீர் ஓடும். மூடிய பின் விசையை ஒருமுறை அழுத்திக் குழாயில் தேங்கிய அழுத்தத்தையும் வெளியேற்றிவிடுங்கள். இரவிலும் வீட்டைப் பூட்டிப் போகும்போதுமாவது இதைத் தவறக் கூடாது. தெளிப்பானைக் கோப்பைக்குள் தொங்கவிடாமல் கொக்கியில் மாட்டுவதும் அவசியம். குழாய்ப் பாதையில் அழுத்தம் திடீரென்று குறையும்போது அழுக்கு நீர் பின்னோக்கி உறிஞ்சப்பட வாய்ப்புண்டு.

கேள்வி: எனக்கு ஆசனவாய் வெடிப்பு இருக்கிறது. ஹெல்த் ஃபாசெட் பயன்படுத்தலாமா?
- ஒரு வாசகர்

பதில்: பயன்படுத்தலாம், உலர்ந்த காகிதத்தால் துடைப்பதைவிட இது இதமாகவே இருக்கும். ஆனால் மேலே முதல் வாசகிக்குச் சொன்ன வேகத்திலும் பாதியாகக் குறைத்து, நீர் பீய்ச்சாமல் வழியும்படி வைத்துக்கொள்ளுங்கள். வேகமான தாரை புண்ணைக் கிளறி, ஆற விடாமல் செய்யும். சோப்பு வேண்டாம். வெந்நீர் கலக்கும் இணைப்பாக இருந்தால் முதலில் புறங்கையில் விட்டுப் பாருங்கள். இரத்தம் தொடர்ந்து தென்பட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.