மூன்றேகால் லட்சம் கட்டும் முன் ஒரு டேஷ்போர்டைத் திறக்கச் சொல்லுங்கள்

அன்புள்ள அம்மாவுக்கு,

பி.காம் இறுதியாண்டில் இருக்கும் மகளை டேட்டா சயின்ஸ் பயிற்சியில் சேர்க்கச் சொல்லி உங்கள் அண்ணன் வற்புறுத்துகிறார். கட்டணம் 2,75,000 ரூபாய், 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 3,24,500. நகையை அடகு வைப்பதா, தவணையில் போவதா என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் பதற்றம் புரிகிறது. ஆனால் நகையா தவணையா என்ற பேச்சுக்கே நான் வரமாட்டேன். இந்தப் பயிற்சி உங்கள் மகளுக்கு வேண்டாம்.

காரணம் நீங்கள் எழுதியதிலேயே இருக்கிறது. புரோகிராமிங் என்றாலே ஒதுங்குகிறாள், ஆனால் கணக்கு பத்து ரூபாய் இடித்தால்கூட அது எங்கே போனது என்று கண்டுபிடிக்காமல் எழமாட்டாள் என்கிறீர்கள். நீங்கள் அனுப்பிய பாடத்திட்டம் முக்கால்வாசி பைதான் என்ற நிரல்மொழியும் மெஷின் லேர்னிங்கும்தான். இரண்டாவது மாதம் அவள் பின்தங்கிவிட்டால் வகுப்புதான் நிற்கும், தவணை நிற்காது. மாமா நல்ல மனதோடு சொல்கிறார், சரி. அந்த வகுப்பில் உட்காரப் போவது அவர் இல்லையே.

சி.ஏ., எம்.பி.ஏ., வங்கித் தேர்வு எல்லாம் உங்களுக்குத் தெரிந்த வழிகள். நான் சொல்ல வருவது உறவினர் யாரும் சொல்லாத ஒன்று: ரிப்போர்ட்டிங் வேலை. விளம்பரங்களில் எம்ஐஎஸ் எக்ஸிக்யூட்டிவ், ரிப்போர்ட்டிங் அனலிஸ்ட் என்று வரும். இணையத்தில் பொருள் விற்கும் கடைக்கு எத்தனை பேர் வந்தார்கள், எந்த விளம்பரத்திலிருந்து வந்தார்கள், எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதையெல்லாம் டேஷ்போர்டு என்னும் ஒரே திரை காட்டும். முதலாளிக்கு அது திங்கட்கிழமை காலை ஒரு விரிதாளில், சரிபார்த்த எண்களாக வேண்டும். தொடக்கச் சம்பளம் பெரிதாக இருக்காது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் கற்க ஆகும் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம்.

எப்படித் தொடங்குவது? இணையதளத்துக்கு வருவோரை எண்ணிக் காட்டும் கூகுள் அனலிட்டிக்ஸ் 4-க்கு ஒரு டெமோ கணக்கு உண்டு. கூகுளின் சொந்தக் கடையின் உண்மைத் தரவு அதில் இருக்கிறது. ஜிமெயில் உள்ள எவரும் இலவசமாகப் பார்க்கலாம். ஒரு அறிக்கையைத் திறந்து, வலப்பக்கம் மேலே உள்ள பகிர்வுக் குறியை அழுத்தி சிஎஸ்வி கோப்பாக (காற்புள்ளியால் பிரித்த எளிய அட்டவணை) இறக்கட்டும். கோப்பின் தலையில் # குறியோடு சில வரிகள் இருக்கும். அவற்றை நீக்கிய பிறகே அட்டவணை ஒழுங்காக வரும். தமிழ்ப் பக்கத் தலைப்புகள் உள்ள கோப்பை எக்செலில் நேரே இருமுறை தட்டித் திறந்தால் எழுத்துகள் சிதையலாம். தரவுப் பகுதியில் உள்ள இறக்குமதி வழியாக, எழுத்துக் குறியீட்டை யுடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுத்துத் திறக்க வேண்டும்.

கையால் இறக்குவது இரண்டு வாரத்தில் பழகிவிடும். அடுத்ததாக ஏஐ உதவியாளரை வைத்து அதைத் தானாக ஓட வைக்கட்டும். பிளாகரில் இலவசமாக ஒரு வலைப்பூ தொடங்கி, அனலிட்டிக்ஸை அதில் இணைத்தால் சொந்தத் தரவு கிடைக்கும். பிறகு கூகுள் ஷீட்டில் நீட்டிப்புகள் மெனு, அதில் ஆப்ஸ் ஸ்கிரிப்ட். ஷீட்டில் வேலையைத் தானாகச் செய்யும் நிரலை ஒட்டும் இடம் அது. அந்த நிரலை ஜெமினியிடமோ சாட்ஜிபிடியிடமோ இப்படிக் கேட்கலாம்: “30 நாள் முன்பிருந்து 3 நாள் முன்புவரை, நாள்வாரியாக, வந்த வழிவாரியாக, அமர்வுகளும் ஈடுபாடுள்ள அமர்வுகளும் வேண்டும். ‘தரவு’ என்ற தாளைத் துடைத்துவிட்டு எழுது. அனலிட்டிக்ஸ் டேட்டா ஏபிஐ மட்டும் பயன்படுத்து.” அமர்வு என்றால் ஒருவர் ஒருமுறை வந்து பார்த்துப் போவது; உடனே வெளியேறாமல் பார்த்தால் அது ஈடுபாடுள்ள அமர்வு. ஏபிஐ என்பது ஒரு நிரல் தரவைக் கேட்டு வாங்கும் வழி. மூன்று நாள் தள்ளச் சொல்வதற்குக் காரணம், புதிய எண்கள் முழுதாகச் சேர 24 முதல் 48 மணி நேரம் ஆகலாம். ‘துடைத்துவிட்டு’ என்று சொல்ல மறந்தால், இரண்டாம் முறை ஓடும்போது அதே வரிகள் கீழே மறுபடி சேர்ந்து அமர்வுகள் இரட்டிப்பாகத் தெரியும்.

ஏஐ எழுதிய நிரல் முதல் தடவையே ஓடும் என்று அவள் எதிர்பார்க்க வேண்டாம். ஆப்ஸ் ஸ்கிரிப்ட் பக்கத்தின் இடப்பக்கம் சேவைகள் பகுதியில் அனலிட்டிக்ஸ் டேட்டா ஏபிஐயைச் சேர்க்காவிட்டால் பிழை வரும். ‘ஜி’ எழுத்தில் தொடங்கும் அளவீட்டு எண்ணை ஏஐ கேட்டால் அது தவறு. வலைப்பூவுக்கு அனலிட்டிக்ஸ் கொடுத்த, வெறும் இலக்கங்களால் ஆன பிராப்பர்ட்டி எண்தான் வேண்டும், அது அனலிட்டிக்ஸின் நிர்வாகப் பகுதியில் இருக்கும். 2023 ஜூலையில் தரவு வாங்குவதை நிறுத்திய பழைய அனலிட்டிக்ஸுக்கான நிரலையும் ஏஐ சில சமயம் தூக்கிக் கொடுக்கும். தேதி 20250307 என்று ஒட்டிக்கொண்டு வரும், பிரிக்கச் சொல்ல வேண்டும். மிக ஆபத்தானது எந்தப் பிழையும் காட்டாத பிழை: எத்தனை வரிகள் வேண்டும் என்ற வரம்பைக் குறிப்பிடாவிட்டால் 10,000 வரிகளோடு ஏபிஐ நிறுத்திக்கொள்ளும். மொத்தம் எத்தனை வரிகள் என்பதும் பதிலில் வரும். அதைத் தாளில் விழுந்த வரிகளோடு ஒப்பிட வேண்டும்.

உங்கள் மகளின் கை ஓங்குவது இங்கேதான். பதினொன்றாம் வகுப்பில் வங்கிச் சரிக்கட்டும் பட்டியல் போட்டிருப்பாள் அல்லவா? இதுவும் அதே வேலை. டேஷ்போர்டு ஒரு எண் சொல்கிறது, தாள் இன்னொன்று சொல்கிறது, வேறுபாடு எங்கே? திங்களும் புதனும் வந்த ஒரே ஆள் நாள்வாரியாக இரண்டு, வாரத்துக்கு ஒன்று. எனவே பயனர் எண்ணிக்கையை நாள்வாரியாகக் கூட்டக் கூடாது. சதவீதமும் அப்படித்தான். ஒரு நாள் 10 அமர்வில் 8 ஈடுபாடு, அதாவது 80%. மறுநாள் 190-இல் 57, அதாவது 30%. இரண்டையும் கூட்டி வகுத்தால் 55% வரும். உண்மையில் 200-க்கு 65, வெறும் 32.5%. ஏஐ இந்தத் தவற்றைச் செய்துவிட்டு, தெளிவான நடையில் விளக்கமும் எழுதித் தரும். அதை நிறுத்திக் கேள்வி கேட்கிற ஆளுக்குத்தான் சம்பளம்.

“இதையும் ஏஐ பிடுங்கிக்கொள்ளாதா?” என்று அண்ணன் கேட்பார். எண்ணை ஓரிடத்திலிருந்து வெட்டி இன்னோரிடத்தில் ஒட்டும் வேலை போய்க்கொண்டுதான் இருக்கிறது. அதனால்தான் அதோடு அவள் நிற்கக் கூடாது என்கிறேன். டேஷ்போர்டின் படத்தை ஏஐயிடம் கொடுத்து எண்களைப் படிக்கச் சொல்லும் பழக்கமும் வேண்டாம், இலக்கம் மாறிவிடும். வேலைக்குப் போனபின் வாடிக்கையாளரின் தொலைபேசி எண், மின்னஞ்சல் உள்ள தாளை நிறுவன அனுமதியில்லாமல் ஏஐயில் ஏற்றவே கூடாது. 2023-இலேயே தனிநபர் தரவுப் பாதுகாப்புக்குச் சட்டம் இயற்றியாயிற்று.

கூகுளின் ஸ்கில்ஷாப் தளத்தில் அனலிட்டிக்ஸ் சான்றிதழ் தேர்வு இலவசம். 80% எடுத்தால் தேர்ச்சி, சான்றிதழ் ஓராண்டு செல்லும். கல்லூரியில் நான் முதல்வன் திட்டத்தில் எந்தப் பயிற்சி ஓடுகிறது என்றும் கேட்கச் சொல்லுங்கள். மூன்று மாதம், தினம் ஒன்றரை மணி நேரம் கொடுத்தால் போதும். அதன்பிறகும் அவளே பைதான் படிக்க ஆசைப்பட்டால் படிக்கட்டும், அது அவள் விருப்பமாக இருக்கட்டும்.

தவணைத் தாளில் இன்னும் கையெழுத்து போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். போடாதீர்கள். அந்தக் கடன் பெரும்பாலும் பயிற்சி நிலையத்தோடு அல்ல, தனியாக ஒரு நிதி நிறுவனத்தோடு செய்யும் ஒப்பந்தம். “இன்றைக்குள் சேர்ந்தால் தள்ளுபடி” என்று மறுபடி அழைத்தால், கட்டணத்தைத் திருப்பித் தரும் விதிகளை மின்னஞ்சலில் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். இந்த ஞாயிறு அண்ணன் வீட்டுக்கு வரும்போது, மகளையே மடிக்கணினியில் அந்த டெமோ கணக்கைத் திறந்து அவருக்குக் காட்டச் சொல்லுங்கள்.