நண்பர் தொடுத்த போர்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: உக்ரைன் மீதான ரஷ்யப் படையெடுப்பைக் கடுமையாகக் கண்டிக்கும் தலைவர்கள் காசா என்றதும் சொற்களை எண்ணி எண்ணிப் பேசுகிறார்கள், காசாவுக்காகக் குரல் கொடுப்பவர்களில் பலர் உக்ரைன் என்றால் நழுவுகிறார்கள். இந்த இரட்டை வேடம் நம் காலத்தில் வந்ததுதானா? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகர்)

பதில்: இல்லை. இதைவிட வெளிப்படையாகவே இது 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் வாரத்தில் அரங்கேறியிருக்கிறது. எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாயை நாட்டுடைமையாக்கி மூன்று மாதங்கள் கழிந்திருந்தன. இஸ்ரேலுடன் இரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டு பிரிட்டனும் பிரான்சும் எகிப்தின் மீது குண்டு வீசிக்கொண்டிருந்தன. நவம்பர் 4-ஆம் தேதி விடியும் முன்பே, சோவியத் பிடிக்கு எதிரான மக்கள் கிளர்ச்சியை ஒடுக்க, சோவியத் டாங்கிகள் ஹங்கேரியின் தலைநகர் புடாபெஸ்ட்டுக்குள் நுழைந்தன. பிரதமர் இம்ரே நாகி அதிகாலை 5.20 மணிக்கு வானொலியில் அதை உலகுக்கு அறிவித்துவிட்டு யூகோஸ்லாவியத் தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார்.

மறுநாளே சோவியத் பிரதமர் புல்கானின், எகிப்தைத் தாக்கியதைக் கண்டித்து லண்டனுக்கும் பாரிசுக்கும் கடிதம் அனுப்பினார். உங்களைவிட வலிமையான நாடு ஏவுகணைகளால் உங்களைத் தாக்கினால் எப்படி இருக்கும் என்று பிரிட்டிஷ் பிரதமர் ஈடனை அதில் கேட்டிருந்தார். கேள்வி நியாயமானதுதான், கேட்டவருடைய டாங்கிகள் அதே நேரத்தில் ஒரு சிறிய நாட்டின் தெருக்களில் சுட்டுக்கொண்டிருந்தன என்பதுதான் இடறுகிறது. மறுபக்கமும் இதற்குச் சளைத்ததல்ல. ஹங்கேரிக்காக ஐ.நா. பாதுகாப்புச் சபையில் நீதி கேட்ட பிரிட்டனும் பிரான்சும், சில நாட்களுக்கு முன் அதே சபையில் சூயஸ் தீர்மானத்தை வீட்டோ (தடை அதிகாரம்) செய்தவை. ஹங்கேரித் தீர்மானத்தை சோவியத் ஒன்றியம் வீட்டோ செய்தது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பதற்கு இதைவிடப் பொருத்தமான வாரம் வரலாற்றில் இருக்குமா என்பது ஐயமே. ஹங்கேரியில் சுமார் 2,500 பேர் உயிரிழந்தனர். ஏறத்தாழ 2 லட்சம் பேர் நாட்டைவிட்டு வெளியேறினர். நாகி 1958 ஜூனில் தூக்கிலிடப்பட்டார்.

கேள்வி: அப்போது நேருவின் இந்தியாவாவது ஒரே அளவுகோலைக் கையாண்டதா? (திருநெல்வேலியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி)

பதில்: கையாளவில்லை. எகிப்து தாக்கப்பட்டதும் தயங்காமல் கண்டித்த நேரு, ஹங்கேரி விஷயத்தில் நிலவரம் தெளிவாகவில்லை என்றே முதலில் சொல்லிவந்தார். புடாபெஸ்ட்டில் அப்போது நமக்கு முழுநேரத் தூதர் இல்லை என்பதும், மாஸ்கோவிலிருந்த தூதர் கே.பி.எஸ். மேனனே அந்நாட்டையும் சேர்த்துக் கவனித்தார் என்பதும் உண்மைதான். ஆனால் நவம்பர் 9-ஆம் தேதி ஐ.நா. பொதுச் சபையில் நடந்ததற்கு அது சமாதானமாகாது. சோவியத் படைகள் வெளியேற வேண்டும், ஐ.நா. மேற்பார்வையில் ஹங்கேரியில் தேர்தல் நடத்த வேண்டும் என்று கோரிய தீர்மானத்தை 48 நாடுகள் ஆதரித்தன, 11 நாடுகள் எதிர்த்தன, 16 நாடுகள் ஒதுங்கி நின்றன. எதிர்த்த பதினொன்றில் கம்யூனிஸ்ட் ஆட்சி இல்லாத நாடு இந்தியா ஒன்றுதான்.

இந்தியாவின் சார்பில் கிருஷ்ண மேனன் அப்படி வாக்களித்ததற்குக் காரணம் காஷ்மீர். ஐ.நா. மேற்பார்வையில் தேர்தல் என்பதை ஹங்கேரியில் ஒப்புக்கொண்டால், நாளை அதையே ஸ்ரீநகருக்கும் நீட்டுவார்களே என்ற அச்சம் இருந்தது. முந்தைய ஆண்டு டிசம்பரில்தான் சோவியத் தலைவர் குருஷ்சேவ் ஸ்ரீநகருக்கே வந்து, காஷ்மீர் இந்தியாவின் பகுதி என்று அறிவித்துச் சென்றிருந்தார். உள்நாட்டில் ஜெயப்பிரகாஷ் நாராயண் இந்த நிலைப்பாட்டைக் கடுமையாகக் கண்டித்தார். அந்த மாத நடுவில் பர்மா, இலங்கை, இந்தோனேசியப் பிரதமர்களுடன் சேர்ந்து, சோவியத் படைகள் வெளியேற வேண்டும் என்று நேருவும் கேட்டுக்கொண்டார். அச்சத்தைப் புரிந்துகொள்ளலாம், ஆனால் அணிசேரா நாட்டின் தலைவர் என்ற பெயரோடு உலகுக்கு அறம் உரைத்தவரிடம் மக்கள் எதிர்பார்த்தது அச்சத்தை அல்ல. உக்ரைன் குறித்த 2022 மார்ச் 2-ஆம் தேதி வாக்கெடுப்பில் இந்தியா ஒதுங்கி நின்ற 35 நாடுகளில் ஒன்றாக இருந்ததையும் இந்தப் பின்னணியோடு சேர்த்துப் பார்க்கலாம்.

கேள்வி: ஈராக்கை அழித்த அமெரிக்காவுக்கு ரஷ்யாவைக் கண்டிக்கத் தகுதி உண்டா? (ஈரோட்டிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: தகுதி குறைவு, ஆனால் கண்டனத்தின் உண்மை அதனால் குறைவதில்லை. 2022 மே மாதம் டல்லஸில் பேசிய, ஈராக் மீது படையெடுத்த முன்னாள் அதிபர் ஜார்ஜ் புஷ், ஒரு தனிமனிதர் எடுத்த முடிவால் நிகழ்ந்த, சற்றும் நியாயமற்ற, கொடூரமான படையெடுப்பு என்று புதினைச் சாட வந்தவர், நாடு உக்ரைன் என்பதற்குப் பதிலாக ஈராக் என்று சொல்லிவிட்டார். பின்னர் திருத்திக்கொண்டு, வயதைக் காரணம் காட்டினார். அரங்கத்தில் சிரிப்பு எழுந்தது. அன்றைய அதிபர் பைடனுக்கு நா இடறவில்லை. சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் 2023 மார்ச்சில் புதினுக்குப் பிடியாணை பிறப்பித்தபோது அது நியாயமானது என்றார். 2024 நவம்பரில் நெதன்யாகுவுக்குப் பிறப்பித்தபோது அது அக்கிரமம் என்றார். இத்தனைக்கும் அமெரிக்கா அந்த நீதிமன்றத்தில் உறுப்பினரே அல்ல.

கேள்வி: எல்லோரும் இப்படித்தான் என்றால், ஒரு தலைவரின் கண்டனத்தை எதை வைத்து எடைபோடுவது? (மதுரையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: எதிரியைக் கண்டிப்பதற்குச் செலவு எதுவும் இல்லை. தம் அணியினர் போர் தொடுக்கும்போது அவர் என்ன செய்கிறார், அதற்காக எதை இழக்கத் துணிகிறார் என்று பாருங்கள். சூயஸ் போரை நிறுத்தியது கண்டன அறிக்கைகள் அல்ல. சரிந்துகொண்டிருந்த பவுண்டுக்கு முட்டுக்கொடுக்க நட்பு நாடான பிரிட்டனுக்குத் தேவைப்பட்ட பணத்தை, தம் தேர்தல் நெருங்கியிருந்த வேளையிலும் அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் தடுத்து நிறுத்தியதுதான். (இரண்டு ஆண்டுகளுக்கு முன் குவாத்தமாலா அரசைக் கவிழ்க்க உளவுத்துறையை ஏவியவரும் அவரே.) ஈராக் போருக்கு மூன்று நாட்கள் முன்பு, 2003 மார்ச் 17-ஆம் தேதி, பிரிட்டிஷ் பிரதமர் பிளேரின் அமைச்சரவையிலிருந்து ராபின் குக் விலகினார். ஏன் விலகினேன் என்று அவர் நாடாளுமன்றத்தில் பேசி முடித்தபோது உறுப்பினர்கள் பலர் எழுந்து நின்று கைதட்டினார்கள். அந்த அவையில் அது அரிய காட்சி. மறுநாள் அதே அவை 412-க்கு 149 என்ற கணக்கில் போருக்கு ஒப்புதல் அளித்தது.