நிபந்தனைகளைப் படித்தீர்களா?

கேள்வி: 120 பக்கம்கூட இல்லாத ஒரு புத்தகத்தை வைத்துக்கொண்டு பொருளியலாளர் ஜெரார் டெப்ரூ 1983-இல் நோபல் பரிசு வாங்கிவிட்டார். நிஜமான விலை ஒன்றுகூட அதில் இல்லை. 'சந்தையை அதன் போக்கில் விட்டால் எல்லாம் சரியாகிவிடும்' என்பதைக் கணிதத்தில் எழுதியதுதானே அவர் சாதனை? இதை ஏன் எங்கள் தலையில் கட்டுகிறார்கள்?
- பொருளியல் முதுகலை மாணவர், திருச்சி

பதில்: நிஜ விலை இல்லை என்பது சரி. மற்றது தவறு. எல்லாம் சரியாகிவிடும் என்று டெப்ரூ எங்கேயும் நிரூபிக்கவில்லை. என்னென்ன இருந்தால் சமநிலை விலை, அதாவது வாங்க நினைக்கும் அளவும் விற்க நினைக்கும் அளவும் பொருந்தும் விலை, என்று ஒன்று இருக்கும் என்பதைத்தான் நிரூபித்தார். அந்த 'இருந்தால்'தான் அவருடைய உழைப்பு முழுவதும். அதைக் கழற்றிவிட்டு முடிவை மட்டும் மேடையில் பேசுகிறவர்கள் உண்டு. உங்கள் கோபம் அவர்கள் மேல் போக வேண்டியது.

டெப்ரூ 1921-இல் பிரான்சின் கலே நகரத்தில் பிறந்தவர். லேஸ் துணி தயாரித்த குடும்பம். போர்க்காலத்தில் பாரிஸில் ஆன்றி கார்த்தானிடம் கணிதம் படித்தார். 1944-இல் படையில் சேர்ந்தார். பிரெஞ்சுப் பொருளியலாளர் மொரீஸ் அல்லேயின் புத்தகம்தான் அவரைப் பொருளியலுக்கு இழுத்தது. அமெரிக்கா போக ஒரு ராக்ஃபெல்லர் உதவித்தொகை வந்தபோது, அல்லேயிடம் தகுதியான மாணவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள்: டெப்ரூ, மார்செல் புவாத்தே. காசு சுண்டித்தான் முடிவு செய்தார்கள். டெப்ரூ கப்பல் ஏறினார். புவாத்தே பிரான்சிலேயே இருந்து, பின்னாளில் அந்நாட்டு மின்வாரியத்தின் தலைவரானார்.

1950-இல் பொருளியலைக் கணிதத்தால் ஆராய்ந்த சிகாகோவின் கௌல்ஸ் ஆய்வுக் குழுவில் சேர்ந்த டெப்ரூ எடுத்துக்கொண்டது ஒரு பழைய கடன். எல்லாச் சந்தைகளும் ஒரே நேரத்தில் சமநிலைக்கு வரும் என்று 1874-இல் பொருளியலாளர் லியோன் வால்ராஸ் எழுதினார். அதற்கு அவர் காட்டிய ஆதாரம், சமன்பாடுகள் எத்தனையோ அத்தனை விலைகளும் இருக்கின்றன என்பதுதான். அது போதாது. ஓர் எண்ணின் வர்க்கத்தோடு 1-ஐக் கூட்டினால் 0 வர வேண்டும் என்று வையுங்கள். ஒரு சமன்பாடு, ஒரு தெரியாத எண், கணக்கு பொருந்துகிறது. ஆனால் அப்படி ஒரு மெய்யெண் கிடையாது. அப்படியென்றால் வால்ராஸ் சொன்ன சமநிலை இருக்கிறதா, இல்லையா?

1930-களில் வியன்னாவில் ஆபிரகாம் வால்ட் சில தனி வகைகளுக்கு விடை கண்டார். முழு விடை 1954-இல் வந்தது. கென்னத் ஆரோவும் டெப்ரூவும் தனித்தனியாக இதே கேள்வியில் இறங்கி, அப்புறம் விஷயம் தெரிந்து சேர்ந்து எழுதினார்கள். ககுதானியின் நிலைப்புள்ளித் தேற்றம் கைகொடுத்தது; எந்த நிலைமையில் ஒரு மாற்றத்தால் நகராத புள்ளி ஒன்று இருந்தே தீரும் என்று சொல்லும் கணித விதி அது. அதே ஆண்டு, அதே 'எகனாமெட்ரிகா' இதழில் லயனல் மெக்கன்சியும் ஒரு நிரூபணம் வெளியிட்டார். நோபல் பரிசு அவருக்கு வரவில்லை. எனக்கு இது இன்றும் வருத்தம்.

நீங்கள் குறைசொல்லும் புத்தகம், 'விலைமதிப்புக் கோட்பாடு', 1959-இல் வந்தது. அதில் கோதுமையைப் பற்றி அவர் சொல்வதைப் பாருங்கள். தரம் ஒன்றாக இருந்தால் போதாது. ஒரு மாவு மில்லுக்கு இன்று கையில் உள்ள கோதுமை வேறு, அடுத்த வாரம் வரும் கோதுமை வேறு. இந்த ஊர்க் கோதுமை வேறு, அந்த ஊர்க் கோதுமை வேறு. கடைசி அத்தியாயத்தில் இன்னொரு படி போகிறார். இன்னது நடந்தால் மட்டும் இத்தனை மூட்டை கொடுக்கப்படும், நடக்காவிட்டால் கிடையாது என்ற வாக்குறுதியும் ஒரு தனிப் பண்டம். அதற்கும் இன்றே ஒரு விலை. நிச்சயமின்மை முழுவதையும் சில பக்கங்களில் கணக்குக்குள் கொண்டுவந்துவிட்டார்.

இப்போது நிபந்தனைக்கு வருவோம். வருங்காலத்தின் ஒவ்வொரு நாளுக்கும், நடக்கக்கூடிய ஒவ்வொன்றுக்கும் இன்றே சந்தை இருக்க வேண்டும். உற்பத்தி பெருகப் பெருக ஒவ்வொன்றுக்கும் ஆகும் செலவு குறைகிற தொழில் இருக்கக் கூடாது. ரயிலும் மின்சாரமும் அங்கேயே இடிக்கும். தனி ஆள் யாராலும் விலையை அசைக்க முடியக் கூடாது. ஒவ்வொருவரிடமும் பிழைத்திருக்கும் அளவுக்குத் தொடக்கத்திலேயே கைமுதல் இருக்க வேண்டும். இத்தனையும் இருந்தாலும், வரும் பங்கீடு நியாயமானது என்று அவர் சொல்லவில்லை. ஒருவரிடமே எல்லாம் குவிந்திருப்பதும் அந்தக் கணிதத்தின்படி திறமையான பங்கீடாக, அதாவது ஒருவருக்குக் குறைக்காமல் இன்னொருவருக்குக் கூட்ட முடியாத பங்கீடாக, இருக்கலாம். இதையா சந்தைக்கு எழுதிய வாழ்த்துப்பா என்கிறீர்கள்?

அவர் அதோடு நிற்கவில்லை. 1962-இலிருந்து அமெரிக்காவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் இருந்தார். 1970-களின் தொடக்கத்தில் ஹ்யூகோ சோனன்ஷைன் ஒரு கேள்வியைக் கிளப்பினார்: ஒவ்வொருவரும் அறிவோடு வாங்கினால், எல்லாரையும் சேர்த்த மொத்தத் தேவையும் ஒழுங்காக இருக்குமா? ரோல்ஃப் மாண்டலும் டெப்ரூவும் 1974-இல் அதை முடித்துவைத்தார்கள். மிகச் சில பொதுப் பண்புகளைத் தவிர வேறு எந்த ஒழுங்கும் இருந்தாக வேண்டியதில்லை. அதாவது, சமநிலை ஒன்றுதானா, விலை தடம் மாறினால் தானாக அங்கே திரும்புமா என்பதற்கு இந்தக் கோட்பாடு உத்தரவாதம் தராது. தன் வீட்டின் விரிசலைத் தானே விளக்குப் பிடித்துக் காட்டிய மனிதர் அவர்.

நோபல் அறிவித்ததும் அமெரிக்கப் பொருளாதாரம் எப்படி என்று நிருபர்கள் கேட்டார்கள். டெப்ரூ கருத்துச் சொல்ல மறுத்துவிட்டார். தான் நிரூபித்தது எதுவரை என்று அவருக்குத் தெரியும்.

உங்கள் தலையில் கட்டுவதாகச் சொன்னீர்களே, அதில் ஒரு பாதி உண்மை. தேற்றத்தைக் கரும்பலகையில் எழுதிப்போட்டு நிபந்தனைகளை ஓட்டமாக ஓட்டிவிடும் வகுப்புகள் இருக்கின்றன. உங்கள் வகுப்பும் அப்படியென்றால், நிபந்தனைகளை ஒரு தாளில் வரிசையாக எழுதிக்கொண்டு போங்கள். ஒவ்வொன்றும் நடப்பில் எங்கே உடைகிறது என்று ஆசிரியரிடம் கேளுங்கள். ஒரு பருவம் முழுக்கப் பேச அதில் விஷயம் இருக்கிறது.