நாய்களிடமிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டிய வாழ்க்கைப் பாடம் எது?

நன்றி என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். இந்தக் கேள்விக்கு வரும் பதில்களில் பாதி அப்படித்தான் இருக்கும். என் ஓட்டு உறுமலுக்கு.

நன்றிக்கு நாலடியாரிலேயே சான்று உண்டு. யானை பழகிய பாகனையே கொல்லும், நாயோ எறிந்த வேல் உடம்பில் நிற்கும்போதும் வாலாட்டும், அதனால் நாய் போன்றவர் நட்பைத் தேடு என்கிறது ஒரு பாட்டு. நட்புக்குச் சரி. பாடமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. நான் மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்தவன். வேல் பாய்ந்தும் வாலாட்டிய வாழ்க்கையை எங்கள் ஆட்கள் கங்காணி காலத்திலிருந்தே வேண்டிய மட்டும் வாழ்ந்து பார்த்துவிட்டார்கள்.

பெரியப்பா வீட்டில் கறுப்பன் என்று ஒரு நாய் இருந்தது. பழைய மங்கில் சோறும் கருவாட்டுத் தலையும் வைப்பார்கள். அது தின்னும்போது சின்னப் பிள்ளை யாராவது தவழ்ந்து கிட்டே போனால் மெல்லுவது சட்டென்று நிற்கும். தலை மங்குக்கு மேல் தாழும், உடம்பு விறைக்கும். முகத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் ஓட்டும்போது வெள்ளை விழி பிறை மாதிரி தெரியும். அதற்கும் பிள்ளை விலகாவிட்டால்தான் தொண்டைக்குள் ஒரு 'உர்ர்'. உடனே பெரியப்பா காண்டா கம்பை எடுத்து ஒன்று வைப்பார். "பிள்ளையப் பாத்தா உறுமுற!"

அடி வாங்கி வாங்கிக் கறுப்பன் உறுமுவதை விட்டது. திருந்திவிட்டது என்று பெரியப்பாவுக்குப் பெருமை. பிறகு ஒருநாள் சத்தமே இல்லாமல் அத்தை மகனின் கையைக் கடித்துவிட்டது.

நாய்ப் பயிற்றுநர்கள் இதைத்தான் தலைபாடாக அடித்துக்கொள்கிறார்கள். உறுமலுக்கு அடித்தால் உறுமல்தான் போகும், பயம் உள்ளேயே கிடக்கும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அப்பால் போவதுதான் முறை. உறுமலுக்கு முன்பே நாய் சொல்லத் தொடங்கிவிடுகிறது: தூக்கம் வராமலே கொட்டாவி விடும், மூக்கை நக்கும், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளும். நார்வேயைச் சேர்ந்த பயிற்றுநர் டூரிட் ருகாஸ் இந்தச் சைகைகளைப் பற்றித் தனியாகவே எழுதியிருக்கிறார்.

விளையாட்டிலும் அப்படித்தான். முன்னங்காலை நீட்டி, நெஞ்சைத் தாழ்த்தி, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நிற்குமே, அதை மார்க் பெக்கோஃப் என்ற அமெரிக்க ஆய்வாளர் கவனித்து 1995இல் வெளியிட்டார். கடித்துத் தலையை உதறுவது போல, தப்பாக எடுத்துக்கொள்ளக்கூடிய செய்கைக்குச் சற்று முன்போ பின்போ அந்தக் குனிவு வருகிறதாம். 'விளையாட்டுக்குத்தான், கோவிச்சுக்காதே' என்று அர்த்தம்.

எங்கள் வீட்டில் யாருக்கும் இப்படி முன்கூட்டியே சொல்லிவிடும் பழக்கம் கிடையாது. மாமா அப்பாவின் மோட்டார் சைக்கிளை இரவல் வாங்கிப் போவார், டாங்கி காலியாகத் திரும்பி வரும். அப்பா சிரித்துக்கொண்டே "பரவால்ல மச்சான்" என்பார். வருடக்கணக்கில் இதே கதை. கடைசியில் அக்கா கல்யாணத்தில், தேவான் (மண்டபம்) வாசலில், சீர்வரிசைத் தட்டை யார் தூக்குவது என்ற பேச்சில் அந்த எண்ணெய்க் கணக்கு முழுவதும் வெளியே வந்தது. மாமா குடும்பம் பந்தியில் உட்காராமலே வேன் ஏறிவிட்டது. முதல் தடவையே "மச்சான், வர்ற வழியில எண்ணெய் ஊத்திட்டு வாங்க" என்று அப்பா சொல்லியிருந்தால், மாமாவுக்கு ரெண்டு நாள் முகம் சுண்டியிருக்கும், அவ்வளவுதான்.