சின்னப் பாய்மரப் படகுக்குச் சத்தம் குறைந்த அவுட்போர்டு (படகின் பின்பக்கம் வெளியே மாட்டும் மோட்டார்) எது?

20 அடிப் படகில் பழைய டூ ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சினின் இரைச்சல் தாங்கவில்லை என்கிறீர்கள். துறையை விட்டு வெளியே வர மட்டும்தான் மோட்டார் என்றால் யோசிக்காமல் மின்சாரத்துக்குப் போங்கள், அதிலும் ஈப்ரொபல்ஷன் ஸ்பிரிட் 1.0 மாதிரி கியர் இல்லாமல் நேரடியாகப் புரொப்பல்லரைச் சுழற்றும் வகை நல்லது, ஏனென்றால் கியர் இருந்தால் ஒரு கீச்சொலி கூடவே வரும். ஆனால் 1 கிலோவாட்தான், பலமான எதிர்காற்றில் திணறும்.

நெடுநேரம் ஓட வேண்டுமா? சரி, ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் எஞ்சின். ஹோண்டா 2.3 குதிரைத்திறன் எஞ்சின் காற்றால் குளிர்வது, காதைத் துளைக்கும்; நீரால் குளிரும் சுசுகி 2.5 பரவாயில்லை. 4 முதல் 6 குதிரைத்திறன் வரை பெரும்பாலும் ஒற்றை சிலிண்டர், அதிர்வு படகு முழுக்கப் பரவும். பின்பக்கம் எடை தாங்குமென்றால் இரட்டை சிலிண்டர் 9.9 குதிரைத்திறன் எஞ்சின் வாங்கிப் பாதி வேகத்தில் ஓட்டுங்கள். அப்புறம், லாங் ஷாஃப்ட், அதாவது புரொப்பல்லரை நீரில் ஆழமாக இறக்கும் நீளமான தண்டு, கட்டாயம். அலையில் புரொப்பல்லர் வெளியே வந்தால் எந்த எஞ்சினும் அலறும்.