எதிலும் குறை பிடிக்கிற பிள்ளை

போன சனிக்கிழமை விசுவமடுப் பக்கமிருந்து ஒரு குடும்பம் என்னைப் பார்க்கக் கிளிநொச்சிக்கு வந்தது. தாய், தகப்பன், உயர்தரம் எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மகள். தாயின் மடியில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் பிறப்புச் சான்றிதழ்கள், அடையாள அட்டைகள், பாடசாலைச் சான்றிதழ்கள், எல்லாவற்றுக்கும் அடியில் இரண்டு ஏக்கர் வயலின் உறுதி. 2009 இல் எல்லாப் பத்திரத்தையும் தொலைத்து, பிறகு ஒவ்வொன்றாய்த் திரும்ப எடுத்த சனங்கள் நாங்கள். அவர் அந்தப் பையைப் பக்கத்துக் கதிரையில்கூட வைக்கவில்லை.

கனடாவில் இருக்கிற தாய்மாமன் சொல்லிவிட்டாராம். கொழும்பில் ஒரு தனியார் கம்பஸ், நாலு வருட சொப்ட்வெயர் எஞ்சினியரிங் பட்டம். முதல் வருடக் காசு மாமா போடுவார், மிச்சத்துக்கு வயலை வங்கியில் ஈடு வைக்கட்டாம். "பதிவு இந்த மாதத்தோட முடியுதாம் சேர். பிள்ளையின்ர எதிர்காலம் எண்டு அண்ணை நெருக்கிறார். என்ன செய்யிறதெண்டு தெரியேல்ல" என்று தாய் சொன்னார். தகப்பன் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். பிள்ளை வாய் திறக்கவில்லை.

"யோசிக்காதேங்கோ அம்மா, பாப்பம்" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இரவு படுத்த பிறகு அது மனதை அரித்தது. "பாப்பம்" என்ற சொல்லை நம்பி ஒரு குடும்பம் வங்கிக்குப் போய்விடும். ஆகவே அம்மா, உங்களுக்கும், இதே கேள்வியோடு மாங்குளத்திலும் மல்லாவியிலும் புதுக்குடியிருப்பிலும் இருக்கிற மற்றத் தாய்மாருக்குமாக நேரே எழுதுகிறேன். வயலை ஈடு வைக்க வேண்டாம். உங்கள் பிள்ளைக்குப் பொருந்துவது மென்பொருளில் பிழை தேடுகிற வேலை, அதற்கு வேறு வழி இருக்கிறது.

கணக்கைப் பாருங்கள். வட்டி முதல் மாதமே ஓடத் தொடங்கும். சம்பளம், எல்லாம் ஒழுங்காக நடந்தால், ஐந்தாவது வருடம் வரும். இடையில் நாலு காலபோகம். ஒன்றை வெள்ளம் கொண்டு போனால் என்ன செய்வீர்கள்? ஒன்றில் நெல் விலை விழுந்தால்? மாமா சொன்னது கம்பஸ் கட்டணம் மட்டும். கொழும்பில் அறை வாடகை, சாப்பாடு, பஸ், இன்ரநெற், லப்ரொப் எதுவும் அந்தக் கணக்கில் இல்லை. ஒரு பாடத்தில் தவறினால் திரும்ப எழுதவும் காசு. விருப்பமில்லாமல் படிக்கிற பிள்ளைக்கு அது கட்டாயம் நடக்கும்.

உயர்தர முடிவு வரட்டும். வெட்டுப்புள்ளி கிடைத்து பம்பைமடுவில் இருக்கிற வவுனியாப் பல்கலைக்கழகத்துக்கோ, கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கிற யாழ். பல்கலைக்கழகத் தொழில்நுட்ப பீடத்துக்கோ இடம் வந்தால் போகட்டும், அங்கே கற்கைக் கட்டணம் இல்லை. அந்த வழிகளைப் பற்றி ரியூசன் வாத்திமார் போதும் போதும் என்கிற அளவுக்குச் சொல்லியிருப்பார்கள், நான் விரிக்கவில்லை.

மாமா உங்கள் வட்ஸ்அப்புக்கு அனுப்பிய வீடியோக்களையும் பார்த்தேன். கண்ணாடிக் கட்டடம், இலவசச் சாப்பாடு, மேசையில் மூன்று திரை. 2022 நவம்பரில் பேஸ்புக்கை நடத்துகிற மெட்டா 11,000 பேரையும், 2023 ஜனவரியில் கூகிள் 12,000 பேரையும் வேலையிலிருந்து நிறுத்துவதாக அறிவித்தன. அது அந்த வீடியோக்களில் இல்லை. புதிதாகச் சேருகிற பிள்ளைகளிடம் முதலில் கொடுக்கிற சின்னச் சின்னக் கோட், அதாவது நிரல், எழுதுகிற வேலைகளில் ஒரு பங்கை இப்போது செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நொடியில் எழுதித் தருகின்றன. துறை அழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. பட்டம் இருந்தால் வேலை தேடி வரும் என்று நம்பிக் கடன் எடுக்கிற காலம் போய்விட்டது என்கிறேன். மாமா கெட்டது நினைக்கவில்லை, எனக்குத் தெரியும். ஆனால் கடனைக் கட்டப் போவது அவரில்லை.

இனிப் பிள்ளையின் விஷயத்துக்கு வருகிறேன், எனக்கு அதுதான் முக்கியம்.

நீங்கள் அன்று முறைப்பாடு போல ஒன்று சொன்னீர்கள்: "இவளுக்கு எதிலும் குறைதான் சேர். கடையில பில் தந்தா ரெண்டுதரம் கூட்டிப் பாப்பாள். சொந்தக்காரர் கலியாணக் காட் அனுப்பினாலும் எழுத்துப் பிழை காட்டுவாள்." பிறகு நீங்கள் இருவரும் தேநீர் குடிக்கக் கடைக்குப் போனபோது அவளிடம் கேட்டேன். "கோட் எழுத எனக்கு அவ்வளவு விருப்பமில்லை சேர். மற்றவை எழுதினதில எங்க பிழை வரும் எண்டு பாக்கத்தான் விருப்பம்" என்றாள். ஒரு கொப்பியைக் கொடுத்து, "ஒரு விண்ணப்பத்தில் அடையாள அட்டை இலக்கம் கேட்கிற கட்டம் இருக்கிறது. அது ஒழுங்காக வேலை செய்கிறதா என்று பார்க்க எதையெல்லாம் அடித்துப் பார்ப்பாய்?" என்று கேட்டேன். இரண்டு பக்கம் நிரப்பினாள்.

எங்கள் பழைய அட்டையில் 9 இலக்கமும் கடைசியில் 'வி' அல்லது 'எக்ஸ்' என்ற எழுத்தும் இருக்கும். 2016 இலிருந்து வருகிற புதிய அட்டையில் 12 இலக்கம். முதலில் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று இலக்கம் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண்ணென்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். இதை அவளுக்கு ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வீட்டில் எல்லாருடைய அட்டையையும் பாயில் பரப்பிவைத்து, அப்பாவுடையதையும் அம்மாவுடையதையும் ஒப்பிட்டுத் தானே கண்டுபிடித்திருக்கிறாள். அப்படியானால் அந்த மூன்று இலக்கம் 001 இலிருந்து 366 வரை, அல்லது 501 இலிருந்து 866 வரை மட்டும்தான் இருக்கலாம். அவள் எழுதிய பட்டியல்: 000, 001, 366, 367, 500, 501, 866, 867. பிறகு 'வி' யைச் சின்ன எழுத்தில் அடித்தால் ஏற்குமா? இலக்கங்களுக்கு நடுவில் ஒரு இடைவெளி விழுந்தால்? "ஏன் இடைவெளி?" என்று கேட்டேன். "அம்மம்மா நிப்பாட்டி நிப்பாட்டிச் சொல்லுவா சேர், நான் அப்பிடியே அடிச்சிடுவன்."

எல்லாரும் நடுவில் ஒரு இலக்கத்தை அடித்துப் பார்த்துச் சரியென்று விடுவார்கள். இவள் வரம்போரம் நடந்து பார்க்கிறாள், தண்ணீர் எங்கே உடைக்கும் என்று வயல்காரன் பார்ப்பதுபோல. பாடப்புத்தகத்தில் இதற்கு எல்லை மதிப்புப் பகுப்பாய்வு என்று பெயர். அவளுக்கு அந்தப் பெயர் தெரியாது, வேலை தெரியும்.

இந்த வேலைக்குப் பெயர் மென்பொருள் பரிசோதனை. கொம்பனிகளில் கியூ.ஏ. (தர உறுதி) என்பார்கள். வங்கியின் அப், ஆஸ்பத்திரியின் பதிவு, பஸ் ரிக்கெற் எடுக்கிற தளம் எதுவும் சனத்தின் கைக்குப் போக முன் யாரோ ஒருவர் உட்கார்ந்து அதை உடைத்துப் பார்க்க வேண்டும். அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். மாமா போனில் "அது மற்றவை செய்யிற வேலையைப் பாக்கிற சின்ன வேலை" என்றார். 2024 ஜூலை 19 ஆம் திகதி கிரவுட்ஸ்ரைக் என்ற கணினிப் பாதுகாப்புக் கொம்பனி அனுப்பிய ஒரு புதுப்பிப்பு, மைக்ரோசொப்டின் மதிப்பீட்டில் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை விழுத்தியது. விமானங்கள் நின்றன, ஆஸ்பத்திரிகள் தடுமாறின. கொம்பனியே பிறகு காரணத்தை வெளியிட்டது: மென்பொருள் கொடுத்தது 20 விபரம், புதிய கோப்பு கேட்டது 21. இல்லாத ஒன்றைத் தேடிப் போய் எல்லாம் நின்றது. உங்கள் மகள் கொப்பியில் 366 க்குப் பக்கத்தில் 367 எழுதினாளே, அதே இனத்துப் பிழை.

தமிழ்ப் பிள்ளைக்கு இதில் ஒரு தனிக் கண் உண்டு. 'கிளிநொச்சி' என்று எழுதுங்கள். அதில் இருக்கிற 'நொ' வின் கொம்பையும் காலையும் கணினி ஒரே குறியாகவும் சேமிக்கலாம், இரண்டு குறியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. இரண்டையும் ஒன்றாக்கிப் பார்க்காத மென்பொருளில் தேடினால் "கிளிநொச்சி இல்லை" என்று வரும். குடும்பப் பெயர் கட்டாயம் என்று நிற்கிற விண்ணப்பங்களில் தகப்பன் பெயரை எங்கே போடுவது என்று நாங்கள் படுகிற பாடும் அப்படித்தான். இதை அனுபவித்த ஒருவர்தான் இதைச் சோதிக்க நினைப்பார்.

இன்னொன்று. அவள் வாய்க்காரி என்று கவலைப்பட்டீர்கள். இங்கிலாந்தில் தபால் நிலையங்களுக்குப் போட்ட ஹொரைசன் என்ற கணக்கு மென்பொருள், இல்லாத பற்றாக்குறையைக் காட்டியது. 1999 க்கும் 2015 க்கும் இடையில் அந்தத் தபால் நிலையங்களை நடத்தினவர்களில் 900 பேருக்கு மேல் திருடர், பொய்க்கணக்கு எழுதினவர் என்று குற்றவாளியாக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். அந்தத் தீர்ப்புகளில் பெரும்பாலானவற்றை 2024 இல் தனிச் சட்டம் போட்டுத்தான் நீக்கினார்கள். மென்பொருளில் பிழை இருக்கிறது என்று மேலிடத்துக்குச் சொல்லி, அதிலிருந்து பின்வாங்காமல் நிற்கிற ஆட்கள் தேவை. உங்கள் பிள்ளையின் வாயை அடக்காதீர்கள் அம்மா.

வழியைச் சொல்கிறேன். அறிவியல்நகரில் இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவகம் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பம் அங்கே தேசிய தொழில் தகைமை மட்டத்தில் படிப்பிக்கிறார்கள். விசுவமடுவிலிருந்து கொழும்புக்குப் போகிற தூரமில்லை. அந்தத் தகைமையில் 5, 6 ஆம் மட்டம் டிப்ளோமா. அதோடு இரத்மலானையில் இருக்கிற யூனிவோரெக் என்ற தொழிற்பயிற்சித் தொழில்நுட்பவியல் பல்கலைக்கழகத்தில் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். வீட்டிலிருந்தே படிக்க வேண்டுமென்றால் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரித் தகவல் தொழில்நுட்பப் பட்டம். முதல் வருடம் முடித்தால் டிப்ளோமா, இரண்டாவதில் உயர் டிப்ளோமா, மூன்றாவதில் பட்டம். நடுவில் நிறுத்த வேண்டி வந்தாலும் கையில் ஒன்று இருக்கும். ஈடு வைத்த வயலுக்கு அந்த வசதி இல்லை.

இவற்றோடு பரிசோதனைக்கென்று உலகம் முழுவதும் ஏற்கிற ஒரு சான்றிதழ் இருக்கிறது, ஐ.எஸ்.ரி.கியூ.பி. அடிப்படைச் சான்றிதழ். 40 கேள்வி, 60 நிமிடம், 26 சரியாக வந்தால் சித்தி. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்களுக்கு 15 நிமிடம் கூடத் தருவார்கள். பாடத்திட்டம் அவர்களின் தளத்தில் இலவசமாக இருக்கிறது. வகுப்புக்குக் காசு கட்ட முன் அதை இறக்கி மூன்று மாதம் தானே வாசிக்கட்டும்.

கையால் அடித்துப் பார்க்கிற வேலை மட்டும் தெரிந்தால் போதாது, அந்த இடங்கள் குறைந்துகொண்டு வருகின்றன. தரவுத்தளத்தில் தேடுகிற எஸ்.கியூ.எல்., மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசுவதைச் சோதிக்கிற போஸ்ட்மன், பிறகு சோதனையைத் தானாக ஓட்டுகிற செலீனியம் அல்லது பிளேரைட் பழக வேண்டும். கடைசி இரண்டுக்கும் கொஞ்சம் கோட் எழுதத்தான் வேண்டும். அதைப் பிள்ளையிடம் மறைக்கவில்லை. "பிழை பிடிக்கிறதுக்கெண்டா எழுதுவன்" என்றாள். ஆங்கிலமும் வேண்டும், மேடைப் பேச்சு ஆங்கிலம் தேவையில்லை. ஒரு பிழையை ஐந்து நேரான வசனத்தில் எழுதத் தெரிந்தால் தொடங்கலாம்.

அந்த எழுத்தில்தான் ஆளின் குணம் தெரியும். பயர்பொக்ஸ், லிப்ரே ஒபிஸ் போன்ற இலவச மென்பொருள்களின் பிழைப் பதிவேடு எல்லாருக்கும் திறந்திருக்கிறது. விசுவமடுவிலிருந்தும் முறைப்பாடு எழுதலாம். "உங்கட அப் குப்பை, வேலை செய்யாது" என்று எழுதினால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். "இந்தப் போன், இந்தப் பதிப்பு. பிறந்த திகதிக் கட்டத்தில் பெப்ரவரி 29, 2004 என்று அடித்தேன். ஏற்க வேண்டும். 'தவறான திகதி' என்று வருகிறது. மூன்று தரம் செய்தேன், மூன்று தரமும் இதே விடை. படம் இணைத்திருக்கிறேன்." இப்படி எழுதினால் எங்கோ ஒரு தேசத்தில் ஒருவர் எழுந்து வந்து திருத்துவார். இப்படி இருபது அறிக்கை அவள் பெயரில் நின்றால், நேர்முகத்துக்குக் கொண்டுபோக அதைவிட நல்ல கோப்பு இல்லை. அதே பெயரில் பேஸ்புக்கில் யாரோடோ தூஷணத்தில் சண்டை பிடித்ததும் நிற்கும், அதையும் தேடிப் பார்ப்பார்கள். இதைத் தம்பிமாருக்கு இன்னும் உரத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

ஒன்றில் நான் இறங்கி வர மாட்டேன். வேலை தருகிறோம், முதலில் இவ்வளவு கட்டுங்கள் என்று யார் கேட்டாலும், வட்ஸ்அப்பிலோ நேரிலோ, ஒரு ரூபாய் கொடுக்க வேண்டாம். தாய்லாந்தில் கணினி வேலை என்று கூட்டிப் போகப்பட்ட எங்கள் நாட்டுப் பிள்ளைகள் மியன்மாரின் மியாவடியில் இணைய மோசடி முகாம்களில் அடைக்கப்பட்டுக் கிடந்து, மீட்கப்பட்டார்கள். நல்ல கொம்பனி வேலைக்கு எடுக்கிற ஆளிடம் காசு வாங்காது.

மாமாவுக்கு நானே திரும்பவும் போன் எடுக்கிறேன். முதல் வருடக் கம்பஸ் காசில் ஒரு சிறு பங்கு போதும். ஒரு பழைய நல்ல லப்ரொப், அந்தச் சோதனைக் கட்டணம், ஒரு வருட இன்ரநெற். தர விருப்பமென்றால் தரட்டும். வருகிற சனிக்கிழமை பிள்ளையை அந்தக் கொப்பியோடு அனுப்புங்கள். பெப்ரவரி 29 ஐ அவள் இன்னும் எழுதவில்லை, அதைப் பற்றி அவளோடு கதைக்க வேண்டும். காணி உறுதியை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.