விடுதலையான வழக்கைப் பதிவேட்டிலிருந்து நீக்க முடியுமா?

கேள்வி: 2018-ல் கல்லூரியில் நடந்த அடிதடியில் என் மீது இ.பி.கோ. 294(பி) (பொது இடத்தில் ஆபாசமாகப் பேசுதல்), 323 (காயம் ஏற்படுத்துதல்), 506(1) (மிரட்டல்) பிரிவுகளில் வழக்குப் பதிவானது. 2021-ல் விடுதலையாகிவிட்டேன். இப்போது அரசு வேலைக்குத் தேர்வாகியிருக்கிறேன். 'உங்கள் மீது எப்போதாவது வழக்குப் பதிவானதுண்டா?' என்று படிவத்தில் கேட்டிருக்கிறார்கள். பணம் கொடுத்தால் போலீஸ் கம்ப்யூட்டரிலிருந்தே பெயரை எடுத்துவிடுவதாக ஒருவர் சொல்கிறார். நம்பலாமா? – பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

பதில்: அவரிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 18 வயது நிறைந்தவர் மீது பதிவான எஃப்.ஐ.ஆரை அழித்துத் தரும் சட்டம் நம் நாட்டில் இல்லை. ஸ்டேஷன் பதிவேடு, நாடு முழுவதும் காவல் நிலையங்களை இணைக்கும் சி.சி.டி.என்.எஸ். என்ற கம்ப்யூட்டர் பதிவு, நீதிமன்றக் கட்டு, நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளம் என்று ஒரே வழக்கு பல இடங்களில் பதிவாகியிருக்கும். ஓரிடத்தில் மறைத்தாலும் இன்னோரிடத்தில் தெரிந்துவிடும்.

படிவத்தில் 'ஆம்' என்றே எழுதுங்கள். வேலையைப் பறிப்பது பல நேரம் பழைய வழக்கு அல்ல, அதை மறைத்ததுதான். 2016-ல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை விரிவாகப் பேசியது: உண்மையைச் சொன்னவரின் வழக்கை அதன் தன்மை பார்த்து எடைபோட வேண்டும், மறைத்தவரை அந்தக் காரணத்துக்காகவே நீக்க முடியும், அற்ப வழக்கானால் மன்னிக்கவும் இடமுண்டு. கைதானீர்களா, வழக்குப் பதிவானதா, நிலுவையில் உள்ளதா, தண்டனை பெற்றீர்களா என்பவை தனித்தனிக் கேள்விகள். ஒவ்வொன்றையும் நிதானமாகப் படித்துப் பதில் எழுதுங்கள்.

அடுத்து, வழக்கு நடந்த நீதிமன்றத்தில் சி.சி. எண்ணை (நீதிமன்றம் தந்த வழக்கு எண்) குறிப்பிட்டு நகல் மனு போட்டு, தீர்ப்பின் சான்றிட்ட நகலை முழுமையாக வாங்குங்கள். இணையத்தில் எடுத்த பிரின்ட் போதாது. கையில் வந்ததும் கடைசிப் பத்திகளைக் கவனியுங்கள். சந்தேகத்தின் பலனை அளித்து விடுவித்தார்களா, குற்றம் நடந்ததற்கே ஆதாரமில்லை என்றார்களா, சமரசத்தில் முடிந்ததா? 323-ஐயும் 506(1)-ஐயும் சமரசம் செய்துகொள்ளலாம், அதற்கு விடுதலையின் பலன் உண்டு. 294(பி) அப்படிச் சமரசம் ஆகாது. அந்தப் பிரிவுக்குத் தீர்ப்பு என்ன சொல்கிறது என்று தனியாகப் பாருங்கள். உங்களுடையது போலீஸ் வேலை என்றால் இது மிக முக்கியம். தமிழ்நாடு காவல் பணி விதிகளின்படி, சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கருதப்படுவார். 2008-ல் சென்னை உயர் நீதிமன்ற முழு அமர்வும் இதை ஏற்றது.

தீர்ப்பு வந்தும் அந்த விவரம் சி.சி.டி.என்.எஸ்.ஸில் ஏறாமல் விட்டுப்போவதுண்டு. அப்போது வேலைக்காகப் போலீஸ் தரும் விசாரணை அறிக்கையில் 'வழக்கு நிலுவையில்' என்று வந்துவிடும். எனவே தீர்ப்பு நகலுடன் இன்ஸ்பெக்டருக்கு மனு கொடுத்து, எஸ்.பி. அல்லது கமிஷனர் அலுவலகத்துக்கும் ஒரு பிரதி அனுப்பி, இரண்டுக்கும் ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

கைதின்போது கைரேகை, போட்டோ எடுத்திருந்தால் அதற்கு வேறு வழி உண்டு. முன்பு தண்டனை பெறாதவர் விடுதலையாகி மேல்முறையீடுகளும் முடிந்துவிட்டால், நீதிமன்றம் வேறு மாதிரி உத்தரவிடாத வரை, அவற்றை அழிக்க வேண்டும் என்கிறது 2022-ம் ஆண்டு குற்றவியல் நடைமுறை (அடையாளம் காணல்) சட்டம். அதைக் கேட்டு மனு கொடுக்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

இணையத்திலுள்ள தீர்ப்பில் பெயரை மறைப்பது இன்னும் உறுதியாகாத விஷயம். 2024 பிப்ரவரியில் சென்னை உயர் நீதிமன்றம் ஒருவருக்குச் சாதகமாக உத்தரவிட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது.

எஃப்.ஐ.ஆரை ரத்து செய்ய பி.என்.எஸ்.எஸ். (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம்) 528-ன் கீழ் உயர் நீதிமன்றத்தில் மனு போடலாம் என்று யாராவது கட்டணம் கேட்டாலும் யோசியுங்கள். அது நிலுவையிலுள்ள வழக்குகளுக்குப் பயன்படும். தீர்ப்பே வந்துவிட்ட உங்கள் வழக்கில் ரத்து செய்ய எதுவும் மிச்சமில்லை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் இரண்டு விஷயம். சின்ன கேஸ்தானே என்று குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினால், அது தண்டனைதான்; வழக்கு 'முடிந்துவிட்டது' என்று நினைத்து 'தண்டனை இல்லை' என எழுதிச் சிக்கிக்கொள்ளாதீர்கள். சம்பவத்தின்போது 18 வயது நிறையவில்லை என்றால், 2015-ம் ஆண்டு இளஞ்சிறார் நீதிச் சட்டத்தின் 24-வது பிரிவு உங்களைக் காக்கும். அதன்படி தகுதியிழப்பு கிடையாது, பதிவுகளையும் அழிக்க வேண்டும். 16 வயதைக் கடந்தவர்கள் மீதான கொடுங்குற்ற வழக்குகளில் மட்டும் விதிவிலக்கு உண்டு.

உண்மையைச் சொன்ன பிறகும் நியமனத்தை மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வழக்கின் தன்மையையோ தீர்ப்பையோ பரிசீலிக்காமல் போட்ட உத்தரவு என்றால், தாமதிக்காமல் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யுங்கள்.